கடைசி அசை

நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான் வேகமாகப் பேசுகிறவன் இல்லை. என் வகுப்பில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடலாம் என்று பிள்ளைகள் சொல்வார்களாம். இதை எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னவள் என் மனைவி. “அச்சடிச்ச மாதிரி பேசாதீங்க. எதிர்ல இருக்கிறவங்களுக்கு எழுந்து நிக்கணும் போல இருக்கு” என்பாள்.

வக்கீல் வேண்டாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நான் பேச ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், உங்கள் கோப்பில் இருக்கும் மொழிபெயர்ப்பு. அதில் பிழைகள் இருக்கின்றன. அதைச் செய்து கொடுத்தவர் யார் என்று நீங்கள் சொல்லாமலே தெரியும். இந்தப் பக்கத்தில் சுமேரிய மொழி படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவரைத் தாடிக்காரர் என்போம். முப்பது வருடமாக அவர் எனக்கு மறுப்பு எழுதுகிறார், நான் அவருக்கு மறுப்பு எழுதுகிறேன். எங்கள் இருவரையும் தவிர அவற்றை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

அந்த மொழியைப் பேசுகிறவர்கள் இல்லாமல் போய் ஏறத்தாழ நாலாயிரம் வருடம் ஆகிறது. ஈரக் களிமண்ணில் நாணலால் குத்தி எழுதிய பலகைகள்தான் மிச்சம். அதற்கு உறவு மொழி என்று எதுவும் கிடையாது. அண்ணன் தம்பி இல்லாத, வாரிசு இல்லாத மொழி. என் தொழில் என்ன என்று கேட்கிறவர்கள் எல்லோரும் அடுத்ததாக ஒன்று கேட்பார்கள். அம்மாவுக்கு அங்கே ‘அமா’, ஊருக்கு ‘உரு’, அப்படியென்றால் அது நம்ம பாஷைதானாமே என்பார்கள். தற்செயல் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

என் மனைவி பேருந்து நிலையத்தில் விசாரணைச் சன்னலில் உட்கார்ந்திருந்தவள். இருபத்தெட்டு வருடம். ஒரு நாளைக்கு நானூறு பேர், நானூறு கேள்வி. வீட்டுக்கு வந்தால் வாய் ஓய்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. யார் யார் வந்தார்கள், எந்தக் கிழவர் எந்தப் பேருந்தைத் தவறவிட்டுவிட்டு அவளைத் திட்டினார், எந்தப் பெண் ஊருக்குப் போகாமல் சன்னலோரம் நின்று அழுதாள், எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் என் அட்டைகளைப் புரட்டியபடி ‘ம்’ கொட்டுவேன். “நீங்க போடுற ‘ம்’ல எது கேட்டுட்டுப் போடுறது, எது கேக்காமப் போடுறதுன்னு எனக்குத் தெரியும்” என்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டாவது மாடியில் இரண்டு அறை. ஒன்றில் நாங்கள், ஒன்றில் செருப்புப் பெட்டிகளில் அடுக்கிய என் குறிப்பட்டைகள்.

ஓய்வு பெற்றதும் தன் தங்கையோடு போய் இருக்கப்போவதாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான். வேடிக்கைக்குச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். பெட்டி கட்டி வைத்திருந்தது வேறு விஷயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டதால் போய்ப் பார்த்தேன். தரையில் கிடந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், வலது பக்க வாய், பேச்சு எல்லாம் ஒரே நாளில் போயின. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகவே சொன்னார். மற்றவர்கள் பேசுவது அவளுக்குப் புரியும், அவளுக்குத்தான் சொல் வராது. முதல் வருடம் முக்கியம், அதிலும் முதல் ஆறு மாதம். பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு மூன்று நாள். தோள்பையில் படம் போட்ட அட்டைகள் வைத்திருப்பாள். குடை, பூனை, கோப்பை. மெதுவாகப் பாடுவாள், என் மனைவியின் இடது கையைப் பிடித்துத் தாளம் போடுவாள். மூன்றாவது வாரம் அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி “வா” என்றாள். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விழுங்குவதில் கவனம் வேண்டும் என்றும் அந்தப் பெண்தான் சொன்னாள். நிமிர்ந்து உட்கார வைக்கணும், சின்னக் கரண்டியால கொடுக்கணும், இருமினா உடனே நிறுத்தி முன்னால குனிய வைக்கணும். ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டே போனாள்.

“போதும்னு அவங்க எப்படிச் சொல்வாங்க?” என்று கேட்டேன்.

“எப்படியாவது சொல்வாங்க சார். நீங்க கவனிச்சா போதும்.”

ஐந்தாவது வாரம் அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டேன். மனைவியைத் தங்கை வீட்டில் விடப்போவதாகவும் அங்கேயே ஆள் கிடைத்துவிட்டது என்றும் போனில் சொன்னேன். எங்கே, யார் என்று அவள் இரண்டு தடவை விசாரித்தாள். நல்ல பெண்.

ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முந்தைய வாரம், ஒரு பிற்பகல். என் மனைவியைச் சன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் உண்டு. ‘லுகலெ எ முது’ என்று படித்தேன். அரசன் வீடு கட்டினான். முதல் வருட மாணவனுக்குச் சொல்லித்தருகிற வாக்கியம். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால், சன்னல் பக்கமிருந்து ‘லுகலெ… எ… முது’ என்று கேட்டது.

நான் எழுந்து நின்றேன்.

அதில் என்ன ஆச்சரியம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ‘லுகல்’ என்றால் அரசன். கடைசியில் ஒட்டியிருக்கிறதே ஓர் ‘எ’, அது செய்தவனின் முத்திரை. நம் மொழியில் ‘அவன் விழுந்தான்’ என்றாலும் ‘அவன் அடித்தான்’ என்றாலும் அவன் அவன்தான். அங்கே அப்படி இல்லை. விழுந்தவனுக்கு ஒட்டு கிடையாது. வந்தவனுக்கும் செத்தவனுக்கும் கிடையாது. இன்னொன்றின் மேல் ஏதாவது செய்தவனுக்குத்தான் அந்த ‘எ’. குடை என்றும் பூனை என்றும் சொல்ல வராத வாய், அந்த ‘எ’யை விடாமல் சொன்னது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் என் கட்டுரையை வாசித்து முடித்தேன். வினைச்சொல்லின் முன்னால் வரும் ‘ந’ என்ற ஒட்டைப் பற்றிய கட்டுரை. தாடிக்காரர் எழுந்து, “ஐயா சொல்றது நிஜமாவே இருக்கலாம். அந்த பாஷை பேசுற ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வரட்டும், காலைத் தொட்டு ஒத்துக்கறேன்” என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவிகூடச் சிரித்தாள்.

அந்தப் பிற்பகலில் சன்னலோரம் அந்த ஆள் உட்கார்ந்திருந்தது.

‘இருந்தாள்’ என்றுதான் சொல்ல வேண்டும், சரி. என் குறிப்பேடுகளிலும் பல இடத்தில் ‘அது’ என்று எழுதியிருப்பதை உங்கள் ஆட்கள் அடிக்கோடிட்டிருக்கிறார்கள். சுமேரியத்திலும் நம்மைப் போலவே உயர்திணை, அஃறிணை உண்டு. அடிமைகளை அஃறிணையில் வைத்து எழுதிய பலகைகளும் உண்டு. ஆனால் நான் அப்படியெல்லாம் யோசித்து எழுதவில்லை. குறிப்புகள் சுருக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முறை எளிமையானது. அந்த மொழியில் கேட்டால் கிடைக்கும். வேறு எதில் கேட்டாலும் நான் சன்னல் வழியே எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிற மொழி கற்றுத்தருகிற எல்லோரும் வகுப்பில் செய்வதுதான் இது. தண்ணீருக்கு அங்கே ‘அ’. துணிக்கு ‘துக்’. கதவுக்கு ‘இக்’. ‘எனக்குக் கொடு’ என்பதற்கு ‘ஷும்மாப்’. இப்படி ஐந்தாறு சொற்கள் போதும், ஒரு மனுஷி நாளைக் கடத்திவிடலாம்.

முதல் நாள் அவள் தண்ணீருக்காக நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ‘த… தண்…’ என்று முயன்றாள். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் இரண்டரை மணி நேரம். ஆறாம் நாள் தானாகவே ‘அ… சும்மாப்’ என்றாள். நாக்கு தடித்திருந்ததால் ‘ஷு’ வரவில்லை, ‘சு’தான் வந்தது. டம்ளரை அவள் வாயில் வைத்தேன். நாலாயிரம் வருடத்துக்குப் பிறகு ஒருவர் தாகத்துக்காக அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். பாடத்துக்காக இல்லை, பரீட்சைக்காக இல்லை.

எல்லாம் பதிவில் இருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஒலிப்பதிவுகள். தேதி போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, தூங்கி எழுந்ததும் அவள் ‘தண்ணி’ என்றாள். முழுதாக, திருத்தமாக, விசாரணைச் சன்னலில் இருந்து சொல்வது போல. சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டுப்போய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது. நான் அதைக் குறிப்பேட்டில் ‘பின்னடைவு’ என்று எழுதினேன். அன்று மதியம்வரை தண்ணீர் கொடுக்கவில்லை. அதன் பிறகு அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை.

அவள் தங்கை ஆரம்பத்தில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். தங்கையின் வீடு மூன்று பேருந்து மாறி வர வேண்டிய தூரம். வந்தால் அக்காவின் தலையை வாரிவிட்டு, நகம் வெட்டிவிட்டு, தன் மாமியாரைப் பற்றிய புகார்களை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் போவாள். ஒரு ஞாயிறு நல்ல வெயில். தங்கை சீப்போடு நிற்கிறாள், என் மனைவி அவள் புடவையைப் பிடித்து இழுக்கிறாள்.

‘அ… சும்மாப். அ… சும்மாப்.’

“அத்தான், இங்க வாங்க, அக்கா பேசுறா. ‘ஆ, சும்மா’ங்கறா.” தங்கைக்குச் சந்தோஷம் தாளவில்லை. “என்னக்கா சும்மா? ஒண்ணும் வேணாமா? சும்மாதான் கூப்பிட்டியா?”

என் மனைவி தலையை இட வலமாக ஆட்டினாள். மறுபடியும் சொன்னாள். மறுபடியும்.

“சரிக்கா, சரி. சும்மாதான். நானும் சும்மாதான் வந்திருக்கேன். உன்னைப் பாக்கறதுக்கு வேலை வேணுமா?” என்று சொல்லி, சிரித்துக்கொண்டே தங்கை அழுதாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். மொழிபெயர்த்திருக்கலாம். ஆனால் இடையில் வேறொரு மொழி நுழைந்தால் மூன்று மாத உழைப்பு வீண். தங்கை போன பிறகு ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளராகக் கொடுத்தேன்.

அப்புறம் தங்கை வருவது மாதம் ஒரு தடவை என்று ஆனது. அவளுக்கும் வீடு வாசல் இருக்கிறதே. கடைசியாக வந்த அன்று என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைக் காட்ட முடியாது, வலது கை வராது, கண்ணால் என்னைக் காட்டி, ‘லுவெ… இக்… லுவெ… இக்’ என்றாள். ‘லு’ என்றால் ஆள், மனிதன். ‘லு’வோடு அந்தச் செய்தவனின் ‘எ’ சேர்ந்தால் ‘லுஎ’. நம் நாக்கு அப்படி விடாது, நடுவில் ஒரு ‘வ்’ போட்டுக்கொள்ளும். அந்த ஒரு ‘வ்’ தவிர குறை இல்லை. ‘இக்’ கதவு. ஆள், கதவை. வினைச்சொல் மட்டும் வரவில்லை. ஆனால் எழுவாயில் முத்திரை சரியாக விழுந்திருந்தது. தன் தங்கையிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்கிறாள், அதை எவ்வளவு இலக்கண சுத்தமாகச் சொல்கிறாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“என்னவோ லூ லூங்கறா, அத்தான். பேச்சு முன்னைவிட மோசமாயிடுச்சோ?”

“டாக்டர் இனிமேல் அப்படித்தான்னு சொல்லிட்டார்” என்றேன். அது பொய். மேடம், இந்த வாக்குமூலத்தில் பொய் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

இனி ‘ந’வுக்கு வருகிறேன். இதுதான் முக்கியம். நம் மொழியில் ‘வேணும்’, ‘வேணாம்’ இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? ஒரே ஓர் உயிரெழுத்து. அங்கேயும் அப்படி ஒரு சிக்கல். வினையின் முன்னால் ‘ந’ வந்தால் சில பலகைகளில் ‘செய்யாதே’ என்று பொருள்படுகிறது, சில பலகைகளில் ‘கட்டாயம் செய்தான்’ என்று பொருள்படுகிறது. தாடிக்காரர் கட்சி, வினையின் கடைசி அசையைப் பார் என்கிறது. ‘கொடு’ என்ற வினை வெறுமனே ‘ஷும்’ என்று நின்றால் ‘ந’ உறுதிப்படுத்துவது. ‘ஷுமு’ என்று ‘மு’ ஒட்டிக்கொண்டால் அது தடுப்பது. என் கட்சி, ‘ந’ எங்கேயும் தடுப்பதில்லை, எல்லா இடத்திலும் உறுதிப்படுத்துவதுதான் என்பது. என் வாழ்நாள் வேலை அது. எட்டுச் செருப்புப் பெட்டி.

அவளுக்கு நான் ‘ந’வைச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தால் சோதனை எப்படிச் சோதனையாகும்? ‘ந’ வருகிற பழைய பாடல்களை மட்டும் பொருள் சொல்லாமல் படித்துக்காட்டினேன். அவளாக எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று காத்திருந்தேன். எட்டாவது மாதம் அவள் பயன்படுத்த ஆரம்பித்தாள். முதலில் குளிப்பாட்டும்போது, குளிர்ந்த தண்ணீரை ஊற்றினபோது. பிறகு சன்னலைச் சாத்தினபோது. பிறகு ஒலிப்பதிவுக் கருவியை அவள் முன்னால் வைத்தபோது. மொத்தம் இருநூற்று நாற்பத்தொரு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘உடன்பாடு’ என்று குறித்திருக்கிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் எழுதியிருக்கிறேன், மறைக்கவில்லை. வலது பக்கத் தசைகள் செயலிழந்தால் முகம் அப்படித் திரும்பும்.

நீங்கள் நேற்று ஒரு கேள்வி கேட்டீர்கள், தாடிக்காரர் எழுதிக் கொடுத்த கேள்வி. அந்தப் பதிவுகளில் ‘ந’ முதன்முதலாக வருவது அவள் குரலில் இல்லை, என் குரலில் என்று. இரண்டாவது மாதம், அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்து கதவுப் பக்கம் இழுத்து இழுத்து நடந்துபோனபோது நான் ஒரு சொல் சொல்கிறேன். அதன் முன்னால் ‘ந’ இருக்கிறது, கடைசியில் தடுப்பதற்கான அந்த அசையும் இருக்கிறது. அவள் கதவைத் தொடும்போதெல்லாம் நான் அதைச் சொல்லியிருக்கிறேனாம். எண்பது தடவைக்கு மேல். அவர் எண்ணியிருந்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் பேசியது தரவு இல்லை. அது வீட்டில் பேசுகிற பேச்சு.

அந்த வியாழக்கிழமை. காலை பதினொரு மணி. உருளைக்கிழங்கை மசித்து, கொஞ்சம் பால் விட்டுக் குழைத்து எடுத்துக்கொண்டேன். அவளை நிமிர்த்தி உட்கார வைத்தேன், கழுத்தில் துணி கட்டினேன், கருவியைப் போட்டேன். இரண்டு கரண்டி சாப்பிட்டாள். மூன்றாவது கரண்டியைக் கொண்டுபோனபோது ‘நமாப்சும்…’ என்றாள்.

நான் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டேன். அதுவரை வந்த இருநூற்று முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் வினைகள் குழறலாகத்தான் இருந்தன, முடிவு கேட்டதே இல்லை. இதுதான் முதல் முழுச்சொல். ‘எனக்கு’ இருக்கிறது, ‘கொடு’ இருக்கிறது, முன்னால் ‘ந’ இருக்கிறது. கடைசியில் ‘மு’ உண்டா இல்லையா என்பது மட்டும்தான் தெரிய வேண்டும். இல்லையென்றால் ‘கட்டாயம் எனக்குக் கொடு’ என்கிறாள், நான் சொன்னது சரி. அவளை மறுபடி சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. எந்தச் சூழ்நிலையில் சொன்னாளோ அதே சூழ்நிலை மறுபடி அமைந்தால்தான் சொல்வாள் என்பது எந்த ஆய்வாளனுக்கும் தெரியும். ஆகவே மூன்றாவது கரண்டியைக் கொடுத்தேன்.

நாலாவதுக்கும் சொன்னாள், வாயில் உணவு இருந்ததால் முடிவு தெளிவில்லை. ஐந்தாவதிலும் தெளிவில்லை. ஆறாவதில் இருமினாள். ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாள் அப்போதும் ஒட்டியிருந்தது, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியும். ஏழாவதின்போது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் வந்திருந்தது எனக்கே தெரியாது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அது இருமலால். எட்டாவது. ஒன்பதாவது. பத்தாவது.

அதன் பிறகு சத்தம் வரவில்லை. உதடு நீலமாயிற்று. நான் கருவியை அவள் வாய்க்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். நான் போன் செய்வதற்கு முன் நாலு நிமிடம் இருபது வினாடி ஆனது என்று கோப்பில் இருக்கிறது. அதில் பிழை இல்லை.

வந்த டாக்டர், பக்கவாதக்காரர்களுக்கு இப்படி நேர்வது உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தங்கை வந்து என் தோளில் தலையை வைத்து, “அத்தான், ஒரு வருஷம் ஒத்த ஆளா எப்படிப் பாத்தீங்க” என்று அழுதாள். நான் ‘ம்’ என்றேன்.

அடுத்த மாதம் முழுக்க உட்கார்ந்து கட்டுரையை முடித்தேன். பதிவுகளை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, கட்டுரையோடு சேர்த்துத் தாடிக்காரருக்கே தபாலில் அனுப்பினேன். யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை மேடம், நானே அனுப்பியதுதான். ஒரு ஆளைக் கூட்டிவா என்றாரே, கூட்டிவந்துவிட்டேன் என்று ஒரு வரியும் எழுதினேன். முப்பது வருடத்தில் என் கடிதத்துக்கு அவர் ஒரு வாரத்துக்குள் பதில் போடாமல் இருந்ததில்லை. இந்தத் தடவை பதில் வரவில்லை. நீங்கள் வந்தீர்கள்.

அவர் மொழிபெயர்ப்பில் அந்த இருநூற்று நாற்பத்தொரு இடத்திலும் ‘வேண்டாம்’, ‘வேண்டாம்’ என்று போட்டிருக்கிறார். அதைத்தான் பிழை என்கிறேன். அது அவருடைய கொள்கை. அவள் மேல் ஏற்றிப் பார்க்கிறார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இதுதான்: ‘மூன்றாவது முதல் பத்தாவது கரண்டி வரை, இறுதி அசை கேட்கவில்லை. ஆகவே உடன்பாடு.’

இப்போது இந்தப் பதிவைப் போட்டுக்காட்டுகிறீர்கள். காதில் மாட்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை, நன்றாகவே கேட்கிறது. இது ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவே. கரண்டி தட்டில் படுகிறது. அவள் மூச்சை இழுக்கிறாள். இதோ. ‘நமாப்சுமுன்.’

ஆமாம். ‘மு’ இருக்கிறது.

இல்லை, பிறகு கருவியில் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டது இல்லை. அப்போதே, அவள் சொன்னபோதே கேட்டது. ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், கேட்காமல் எப்படி இருக்கும்? பத்தாவது கரண்டியை அதற்குப் பிறகுதான் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்த ஓர் அசையை வைத்துக்கொண்டு எட்டுப் பெட்டியைத் தூக்கிப் போட முடியாது, மேடம். அவள் படித்தது ஒரே வருடம். அவளுக்கு அந்த மொழி அவ்வளவு நன்றாகத் தெரியாது.